அரிமாறன் தலைப்பாகையைக் கழற்றவில்லை

12-6-1976

காலையிலிருந்து தூறல். ஈரக் காற்றில் பட்டு இழை சொன்னபடி கேட்கவில்லை. அறுந்துகொண்டே இருந்தது. நைனா தறியோரம் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுத் தரப் பார்த்தார். கை நடுக்கத்தில் முடியவில்லை. "வுடு நைனா, நானே போட்டுக்கறேன்" என்றேன். எழுந்து வெளியே போய்விட்டார். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

அவருக்கு நடுக்கம் வந்ததிலிருந்து தறிக்குழியில் இறங்குவது நான்தான். புடவை தறியின் மிதிகட்டையில் சிக்குகிறது என்று அவருடைய லுங்கியையும் சட்டையையும் மாட்டிக்கொண்டது அப்போதுதான். தறியை விட்டு எழுந்ததும் புடவைக்கு மாறிவிட வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். மாறுகிறேன். மாறும்போதெல்லாம் யார் வீட்டுக்கோ விருந்துக்குக் கிளம்புவது போல இருக்கிறது.

மாலையில் வாரப் பத்திரிகை வந்தது. தொடர்கதை முடிந்துவிட்டது. ஒரு வாரம்கூட விடாமல் படித்த கதை. அரிமாறன் என்கிற குதிரைவீரன்; பிறப்பில் அல்லி என்கிற பெண். அப்பனைக் கொன்றவனைத் தேடி ஆண் உடையில் படையில் சேர்ந்தவள். கதை நெடுக ஆசிரியர் 'அரிமாறன் வந்தான், பாய்ந்தான், வென்றான்' என்றே எழுதினார். கடைசி அத்தியாயத்தில் இளவரசன் கேட்டுக்கொள்ள, அரிமாறன் தலைப்பாகையைக் கழற்றுகிறான். கூந்தல் சரிகிறது. அடுத்த வரியிலேயே 'நாணித் தலை குனிந்தாள்'. கல்யாணம். முற்றும்.

ஒரே வரியில் எப்படி மாற முடியும்? அதுவரை வாள் பிடித்த ஆள் எங்கே போனான்? செத்துப்போனானா? ஒருவராவது அழ வேண்டாமா?

13-6-1976

இன்னும் கோபம் ஆறவில்லை. ஒரு கதைக்குப் போய் இப்படியா என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

27-6-1976

எழுதிவிட்டேன். என்னுடைய கடைசி அத்தியாயம். இளவரசன் "தலைப்பாகையைக் கழற்று" என்கிறான். அரிமாறன், "பகைவனுக்கு முன்னால் கழற்றாததை நண்பனுக்கு முன்னால் ஏன் கழற்ற வேண்டும்?" என்று கேட்டுவிட்டுக் குதிரையேறிப் போகிறான். எல்லோருக்கும் உண்மை தெரியும். தெரிந்தும் 'போனான்' என்றே எழுதினேன். எழுதும்போது கை நிற்கவே இல்லை.

5-7-1976

நெசவாளர் சொசைட்டியில் குமாஸ்தாவாக இருக்கும் ஜெயவேல் அண்ணன் 'புதுப்பாவு' என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறார். ஒரே ஒரு பிரதி. அது கை மாறி ஆரணி முழுக்கச் சுற்றிவிட்டு முள்ளிப்பட்டு, கலசப்பாக்கம் வரைக்கும் போய்வரும். கடைசியில் வெற்றுத் தாள்கள் வைத்திருப்பார்; படித்தவர்கள் கருத்து எழுத.

அவரிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார்.

"நல்லாத்தான் கீது. ஆனா தனக்கோடி, இங்கல்லாம் 'போனாள்'னு வரணும். அது பொம்பளைன்னு தெரிஞ்சிப்போச்சே."

"தெரிஞ்சா இன்னாண்ணே? அரிமாறனுக்கு அது முன்னாடியே தெரியுமே. அவன் அப்பவும் அப்படித்தானே இருந்தான்?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். சிரிக்கவில்லை. "சரி, உன் இஷ்டம். பேரு இன்னா போடட்டும்?"

"என் பேருதான்."

ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பெயரை வைத்த நைனாவுக்கு நன்றி.

22-8-1976

பிரதி ஒரு சுற்று முடிந்து வந்தது. பின்பக்கங்கள் நிறைந்திருக்கின்றன! 'திரு. தனக்கோடி அவர்களின் நடை கம்பீரம்.' 'தனக்கோடி சார் குதிரையேற்றம் கற்றவரோ?' ஜெயவேல் அண்ணன் வாய் பொத்திச் சிரித்தார். கோட்டை மைதானத்து மாடுகளைத் தவிர நான் எதன் பக்கத்திலும் போனதில்லை.

'சார்'. அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன். ஏமாற்றுகிறோமே என்று பயந்தேனா? இல்லை. சரியான விலாசத்துக்குக் கடிதம் வந்த மாதிரி இருந்தது.

அடுத்த அத்தியாயம் கேட்டிருக்கிறார்கள்.

31-10-1976

மூன்றாவது அத்தியாயத்துக்கு வந்த கருத்துகளில் ஒன்று:

'அரிமாறன் ஆற்றில் தன் முகத்தைப் பார்க்கும் இடத்தில் நிறுத்திவிட்டேன். மேலே படிக்க முடியவில்லை. இப்படி ஒருவர் கதையில்தான் இருக்கிறாரா, வேறெங்கும் இருக்கிறாரா? நிறுத்தாமல் எழுதுங்கள். — சின்னக்கண்ணு, கலசப்பாக்கம்.'

பென்சிலில், குனிந்து குனிந்து ஓடுகிற எழுத்து. சின்னக்கண்ணு. என் பெயரைப் போலவே அதுவும் இரண்டு பக்கமும் பேசுகிற பெயர். ஆணா, பெண்ணா?

நான் ஏன் கேட்கிறேன்? என்னை யாராவது கேட்டால் பிடிக்குமா?

7-11-1976

அந்தக் கருத்துக்கு அடியிலேயே பதில் எழுதினேன்: 'வேறெங்கும் இருக்கிறார்.' அவ்வளவுதான். அதற்கே காது சூடாகிவிட்டது.

19-12-1976

இன்று தறியில் ஒன்று தோன்றியது. வந்தான் என்றால் ஆண், வந்தாள் என்றால் பெண். நம் பேச்சில் வால் இல்லாமல் யாரையும் அனுப்புவதில்லை. ஆனால் 'வந்தேன்' என்றால்? அதற்கு அந்த வால் இல்லை. 'நான்' என்று சொல்கிற ஆள் எதுவாகவும் இருக்கலாம். அதனால்தானோ என்னவோ, நாட்குறிப்பில் எனக்கு மூச்சு விட முடிகிறது.

சின்னக்கண்ணு மறுபடி எழுதியிருக்கிறது: 'நன்றி. இந்த வாரம் முழுக்க நன்றாகத் தூங்கினேன்.'

20-2-1977

எல்லாம் போயிற்று.

சொசைட்டிக்கு வந்த யாரோ விசாரித்திருக்கிறார்கள். எழுதுவது நான், சுப்பராயலுவின் மகள் என்று தெரிந்துவிட்டது. பின்பக்கத்தில் பெயர் போடாமல் ஒருவன்: 'லுங்கி கட்டின பொம்பளைக்கு லுங்கி கட்டின பொம்பளைதான் கதாநாயகன். இது ஆணா பெண்ணா என்று ஊர்ப் பெரியவர்கள் பார்த்துச் சொல்லவும்.' அதற்குக் கீழே இன்னும் நாலு பேர். 'கம்பீரம்' என்று எழுதிய அதே கையெழுத்தும் இருந்தது.

ஜெயவேல் அண்ணன் அந்தத் தாளைக் கிழித்துவிட நினைத்தாராம். அதற்குள் பிரதி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. நைனா படித்துவிட்டார்.

அம்மா கத்தித் தீர்த்தாள். "தெருவுல தலை காட்ட முடியல. பொம்பளையா லட்சணமா இருன்னு எத்தினி வாட்டி சொன்னேன்? கேட்டியா?"

நைனா கத்தவில்லை. தறியின் மரத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நீ எழுதனதுல தப்பு ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் எழுதிக்கிற. ஆனா நான் எத்தினி நாளைக்கு இருப்பேன்?"

திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். இதுக்கு இன்னா பேசறது? சொல்லு, இன்னா பேசறது?

13-3-1977

தெள்ளாரிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை பெயர் தருமன். பிளாக் ஆபீசில் அட்டெண்டர். என்னை நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்பட்டார். கெட்டவராகத் தெரியவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் மறுப்பது சுலபம்.

சரி என்று சொல்லிவிட்டேன்.

3-4-1977

புதுப்பாவுக்குக் கடைசி அத்தியாயம் கொடுத்தேன். அரிமாறன் திரும்பி வருகிறான். தலைப்பாகையைக் கழற்றுகிறான். கூந்தல். நாணம். மணமேடை. 'அல்லி தலை குனிந்தாள்.'

ஜெயவேல் அண்ணன் படித்துவிட்டு, "இத்த நீதான் எழுதனியா?" என்றார்.

"ஆமாண்ணே."

"இதுக்கா அவ்ளோ சண்டை போட்ட?"

வீட்டுக்கு வந்துவிட்டேன். தொடர்கதைக்காரரையாவது திட்ட முடிந்தது. இப்போது யாரைத் திட்டுவது?

9-6-1977

நாளைக்குக் கல்யாணம். கையில் மருதாணி. பேனா வழுக்குகிறது.

2-2-1978

தெள்ளார். இங்கே தறி இல்லை. பகல் நீளமாக இருக்கிறது. மாமியார் கெங்கம்மாள் நல்ல மாதிரி. என் நடை மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. "கொஞ்சம் மெள்ள நட. போலீஸ்காரன் வர்றாப்பல கீது" என்கிறார். மெள்ள நடக்கப் பழகுகிறேன்.

18-9-1978

அவர் சினிமாவுக்குக் கூட்டிப்போனார். பூ வாங்கிக் கொடுத்தார். தலை நிறைய வைத்துக்கொண்டேன். "நல்லாக்கீது" என்றார். அவருடைய முகமெல்லாம் சந்தோஷம். இந்த மனிதனுக்கு நான் எதைக் காட்டிக்கொண்டிருக்கிறேன்?

1979

இந்த வருஷம் எழுதவே இல்லை. எழுத ஒன்றும் இல்லை என்பதைத்தான் எழுத வேண்டும்.

11-5-1980

இன்று ஒன்று நடந்தது.

மத்தியானம் நான் அடுப்படியில் இருந்தேன். வாசலில் யாரோ, "தனக்கோடி சார் வீடு இதுங்களா?" என்று கேட்டார்கள்.

கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

மாமியார், "சாரா? அப்படி ஒருத்தரும் இங்க இல்லீங்களே. என் மருமவ பேருதான் தனக்கோடி. நீங்க யாருங்க?" என்றார்.

அந்தக் குரல், கனமும் இல்லை மென்மையும் இல்லை, "பரவால்லீங்க. தெரிஞ்சவங்கன்னு நெனைச்சேன்" என்றது.

போய்ப் பார்த்திருக்கலாம். நாலு எட்டு வைத்தால் வாசல். 'நான்தாங்க' என்று ஒரு சொல். மாமியார் என்ன நினைப்பார், அக்கம்பக்கம் என்ன பேசும்... இதெல்லாம் யோசித்து முடிப்பதற்குள் ஜன்னலில் பார்த்தேன். பேன்ட் சட்டை போட்ட ஒரு முதுகு, பஸ் நிற்கும் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

"யாரோ விலாசம் மாறி வந்துகிறாங்க" என்றார் மாமியார்.

"ஆமாங்க அத்தை" என்றேன்.

யார் அது? ஏன் சார் என்று கேட்டார்கள்?

12-5-1980

நேற்று குழம்பு தீய்ந்துவிட்டது. இன்னும் அந்த வாசனை போகவில்லை.

30-1-1981

நைனா போய்விட்டார். நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள்.

14-8-1982

இன்று அவர் பேசினார். சண்டை இல்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நீ நல்லவதான், தனக்கோடி. உன் மேல ஒரு குறை சொல்லத் தெரியல எனக்கு. ஆனா நீ இங்க இல்ல. உன்கூட இருந்தா ஒரு கூட்டாளியோட ரூம் எட்த்துத் தங்கிகினு இருக்கறாப்பல கீது. என் மேல எதாச்சும் கோவமா?"

"இல்லீங்க. உங்க மேல ஒண்ணும் இல்ல."

"பின்ன இன்னா?"

முதல் முறையாக நிஜத்தைச் சொன்னேன். "நான் பொம்பளையா இருக்கப் பாத்தேங்க. வரல."

அவருக்குப் புரிந்ததா தெரியாது. "இத்த முன்னாடியே சொல்லி இருக்கக் கூடாதா?" என்றார்.

சொல்லியிருக்க வேண்டும். அவருடைய வயதில் ஐந்து வருஷம் என் பயத்துக்குப் போனது.

5-9-1982

ஆரணிக்கு வந்துவிட்டேன். அவரே பெட்டியைத் தூக்கி வந்து பஸ் ஏற்றிவிட்டார்.

அம்மா கேள்வி எதுவும் கேட்கவில்லை. நைனா போன பிறகு அவளுக்குக் கத்தத் தெம்பில்லை. தறியைத் துணி போட்டு மூடி வைத்திருந்தாள். "குழியில தண்ணி ஊறிக் கெடக்குது. எறைச்சிட்டு ஒக்காரு" என்றாள். லுங்கியைக் கொண்டுவந்து கட்டில் மேல் வைத்தாள். அன்று சாயந்திரம் தறியை விட்டு எழுந்து புடவைக்கு மாறவில்லை. அம்மா பார்த்தாள். தட்டில் சோறு போட்டாள்.

19-9-1982

ஜெயவேல் அண்ணன் சொசைட்டியில் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நரைத்துவிட்டார். புதுப்பாவு இன்னும் வருகிறது. மேஜைக்கு அடியிலிருந்து பழைய பிரதிகளை எடுத்து வைத்தார். "உனக்குன்னு எட்த்து வெச்சேன்" என்றார்.

அரிமாறன் கதை.

நான் முடித்த கதை நின்றுபோகவில்லை. அடுத்த இதழிலிருந்தே சின்னக்கண்ணு அதைத் தொடர்ந்து எழுதியிருக்கிறது. நாலு வருஷம். அண்ணன் எதிரிலேயே முதல் பக்கத்தைப் படித்தேன்.

'அல்லி தலை குனிந்தாள் என்று கண்டோம். நண்பர்களே, தனக்கோடி சார் உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டார். மணப்பெண் உடைதான் அரிமாறன் போட்ட வேஷம். பகைவன் கோட்டைக்குள் நுழைய அவனுக்கு வேறு வழி இல்லை. உள்ளே போயிருக்கிறான். தலைப்பாகை பத்திரமாக இருக்கிறது. அவன் வெளியே வரும்வரை நாம் காத்திருப்போம்.'

சொசைட்டியில் ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

என் கல்யாணத்தைத் தெரிந்து எழுதியதா?

"நான்தான் சொன்னேன்" என்றார் அண்ணன். "உன்னைத் தேடிகினு ஆரணிக்கு வந்துது. கல்யாணமாயி தெள்ளார் போயிட்டாங்கன்னேன். அப்பறம் ஒருதரம் வந்து விலாசம் கேட்டுது. ரொம்ப யோசிச்சேன். குடுத்துட்டேன். அங்க வந்துச்சா?"

அப்போதுதான் புரிந்தது.

"பேன்ட் சட்டையா அண்ணே?"

"ஆமா. பொம்பளைன்னு தெரிஞ்சும் சாரு சாருன்னே சொல்லிகினு இருந்துது. 'அவங்க பொம்பளைதானேங்க'ன்னேன். 'எனக்கு அவரு சாருதாங்க'ன்னுது."

"அது... ஆம்பளையா, பொம்பளையாண்ணே?"

"நான் கேக்கல" என்றார். "உன்னையும்தான் நான் கேட்டதில்லையே."

அரிமாறனின் கடைசி அத்தியாயம் எண்பத்தொன்றில் நிற்கிறது. கோட்டைக் கதவுக்கு உள்ளே. அதற்குப் பிறகு சின்னக்கண்ணுவிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

20-9-1982

வாசலுக்கு வந்தது. என் வாசலுக்கு வந்தது. ஒரு சொல்லுக்கு வந்தது. நான் குழம்பைக் கிண்டிக்கொண்டு நின்றேன். ஏன் தனக்கோடி? யாருக்குப் பயந்து? அந்த வீட்டில் இப்போது நீ இருக்கிறாயா?

6-3-1983

கலசப்பாக்கம் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஆறு மாதம் ஓட்டிவிட்டேன். முதலில் அம்மாவுக்குக் காய்ச்சல். பிறகு பண்டிகைப் புடவை வேலை. எல்லாம் சாக்கு. 'நான் உள்ளேதான் இருந்தேன்' என்று எந்த முகத்தோடு சொல்வது?

1-5-1983

போனேன். சட்டையும் பேன்ட்டும் போட்டுக்கொண்டு. தையற்காரர் அளவெடுக்கும்போது யாருக்கு என்று கேட்டார். எனக்கு என்றேன். எடுத்தார்.

வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. சின்னக்கண்ணு என்றதும் டீக்கடையில் எல்லோரும் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் கையைக் காட்டினார்.

வயதான அம்மா ஒருவர் புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். பொன்னம்மாள். சின்னக்கண்ணுவின் தாய். என்னை ஏற இறங்கப் பார்த்தார். உடையைப் பார்த்தார். புளியைக் கீழே வைத்தார்.

"நீ யாரு?"

"ஆரணியிலேந்து வர்றேங்க. தனக்கோடி."

"கதை எழுதற தனக்கோடியா?"

"ஆமாங்க."

"ஒக்காரு" என்றார். தண்ணீர் கொடுத்தார். நான் குடித்து முடித்ததும் சொன்னார்: "அது இங்க இல்ல. போய் ரெண்டு வருசம் ஆவுது. பெங்களூர்ல தையல் கம்பெனின்னாங்க. எந்தக் கம்பெனின்னு ஒருத்தருக்கும் தெரியல."

"ஏங்க போச்சு?"

"கல்யாணம் பேசனோம். மாட்டேன்னுது. அதோட துணியெல்லாம் வாசல்ல போட்டு எரிச்சாரு அவங்கப்பா. 'இந்த வாசப்படிய மிதிக்காத'ன்னாரு. அவரும் இப்ப இல்ல." உள்ளே அடுப்பைப் பார்த்தார். "நானு அடுப்பாண்ட நின்னுகினு இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லல. திரும்பித் திரும்பி என்னைப் பாத்துகினே போச்சு."

தம்ளரைக் கீழே வைத்தேன்.

"நானும் அடுப்பாண்டதாங்க நின்னேன்" என்றேன். தெள்ளாரில் நடந்ததைச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். புளியை எடுத்து மறுபடி கொட்டை நீக்க ஆரம்பித்தார். நானும் உட்கார்ந்து ஒரு கை எடுத்தேன். இருவரும் அந்தக் கூடையை முடித்தோம்.

கிளம்பும்போது கேட்டார்: "அது இன்னா எழுதிச்சின்னு எனக்குத் தெரியாது. எனக்குப் படிக்க வராது. அடுத்த வாட்டி எட்த்துகினு வந்து படிச்சிக் காட்டறியா?"

29-5-1983

படித்துக் காட்டினேன். சின்னக்கண்ணுவின் அத்தியாயங்களை முதலிலிருந்து. பொன்னம்மாள் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சிரிக்கிற இடத்தில் சிரித்தார். குதிரைக்கு அடிபடும் இடத்தில் "ஐயோ" என்றார்.

பாதியில் கேட்டார், "இந்த அரிமாறன் அவனா, அவளா? எனக்குக் கொழப்பமா கீது."

"உங்க புள்ள கடைசி வரைக்கும் 'அவன்'னுதாங்க எழுதி இருக்குது. ஆனா மணப்பொண்ணு வேஷம் போட்டுகினு கீற எடத்துல கூட, அழகா இருந்தான்னு எழுதி இருக்குது."

"ரெண்டாவும் இருக்கலாம்ன்றியா?"

"இருக்கலாங்க."

மறுபடி தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

"இருந்துட்டுப் போவட்டுமே" என்றார். "இருந்துட்டுப் போன்னு சொல்ல எனக்கு வாய் வரலியே அன்னிக்கி."

10-7-1983

அரிமாறனைக் கோட்டையிலிருந்து வெளியே கொண்டுவரும் அத்தியாயத்தை எழுதினேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல் எழுத்து. கை பழையபடி ஓடவில்லை. நிறைய அடித்தல். மணப்பெண் உடையைக் கழற்றும் இடத்தில் அவனுக்கு வெறுப்பு வரும் என்று எழுத ஆரம்பித்தேன். வரவில்லை. அந்த உடையை மடித்து, சுருக்கம் நீக்கி, அது இன்னொருவருக்கு ஆகும் என்று மரக்கிளையில் தொங்கவிட்டுப் போகிறான். எழுதி முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது, தெள்ளாரில் இருந்த அந்தத் தனக்கோடி மேல் எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது. அவளும் நான்தான். பயந்துபோய் இருந்தாள், அவ்வளவுதான்.

சின்னக்கண்ணுவுக்குச் செய்தது வேறு. அது தீராது.

கருத்து எழுதும் தாள்களில் முதல் தாளை மட்டும் யாரையும் எழுதவிடாமல் காலியாக வைக்கச் சொன்னேன். "யாருக்கு?" என்று அண்ணன் கேட்கவில்லை.

16-10-1983

பின்பக்கத்தில் ஒருவன், 'மறுபடியும் ஆரம்பிச்சிட்டாங்களா?' என்று எழுதியிருக்கிறான். அதற்குக் கீழே நானே எழுதினேன்: 'ஆமாம். — தனக்கோடி.'

முதல் தாள் காலியாகவே வந்திருக்கிறது.

4-11-1984

தருமனுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். போன வருஷம்தான் அவருக்கு மறுகல்யாணம் ஆனது. மனம் நிறைந்தது. ஒரு ஜரிகைத் துண்டு நெய்து, தெள்ளார் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். வாங்கிக்கொண்டாராம். "நல்லாக்கீறாங்களா?" என்று கேட்டாராம்.

23-6-1985

பெங்களூர் போய் வந்தேன். தையல் கம்பெனி வாசல்களில் விசாரித்தேன். கன்னடத்தில் ஏதேதோ சொன்னார்கள். சின்னக்கண்ணு என்ற பெயரில் ஒருவர் இருந்தாராம், வேறு ஊருக்குப் போய்விட்டாராம். அது இதுதானா என்பதுகூடத் தெரியவில்லை. திரும்பும் வழியெல்லாம் பொன்னம்மாளிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். சொன்னதும், "போனியே, அதுவே போதும்" என்றார். பிறகு உள்ளே போய் நெடுநேரம் வரவில்லை.

9-3-1986

கலசப்பாக்கம் போனேன். பஸ்ஸில் கண்டக்டர், "சார், எங்க?" என்றார். ஊர் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்கினேன். பக்கத்தில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

போன மழையில் பொன்னம்மாள் வீட்டு ஓடு சரிந்துவிட்டது. ஏறி மாற்றிக்கொண்டிருந்தேன். கீழே நின்று ஓடு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் போன ஒரு பெண், வெளியூர்க்காரி போலிருக்கிறது, நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"யாரும்மா அது, மேல ஏறிக்கிறது? கூலிக்கு ஆளு வெச்சிக்கிறியா?"

பொன்னம்மாள் ஓட்டைக் கையில் பிடித்தபடி ஒரு கணம் நின்றார்.

"ஆளு இல்ல" என்றார். "எங்க ஊட்டுப் புள்ள."

அந்தப் பெண் போய்விட்டாள். நான் வேலையைப் பார்த்தேன். ஓடு மங்கலாகத் தெரிந்தது.

அந்தச் சொல் எனக்கு உரியது அல்ல. சின்னக்கண்ணு கேட்டிருக்க வேண்டியது. அது வரும்வரை நான் வைத்திருக்கிறேன்.